நான்காவது தகுதி

ஜூன் 3, செவ்வாய்

பேராசிரியர் பதவி உயர்வு ஆணை இன்று கைக்கு வந்தது. இந்தக் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தபோது எனக்கு வயது இருபத்து நான்கு. மின்னியல் துறையில் நான் ஒருத்திதான் பெண். இப்போது நாற்பத்தாறு. மதியம் ஆள் வந்து அறைக்கதவில் புதுப் பெயர்ப்பலகை மாட்டிவிட்டுப் போனார். ‘முனைவர் ச. குமுதவல்லி, பேராசிரியர்.’ முன்னால் இருந்த ‘இணை’ போய்விட்டது.

துறைத் தலைவர் நஞ்சப்பன் சார் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார். கூடவே எனக்கு ஒரு வேலையும் கொடுத்தார். பேராசிரியர் ஆனதால் என் கீழ் முனைவர் பட்டத்துக்கு இன்னும் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். கல்லூரி இணையப் பக்கத்துக்கு என் பணி விவரத்தையும், சேர வருகிறவர்களுக்கு என்ன தகுதி வேண்டும் என்பதையும் புதிதாக எழுதித் தர வேண்டும். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஜூலை 15. வழிகாட்டியின் சம்மதக் கடிதம் இல்லாத விண்ணப்பத்தை வாங்கவே மாட்டார்கள்.

சாயங்காலம் வண்டி நிறுத்தம் வரை போனவள், குடையை மறந்துவிட்டேன் என்று மாடிக்குத் திரும்பிப் போனேன். கதவைப் பார்த்தேன். குடை பைக்குள்தான் இருந்தது.

ஜூன் 5, வியாழன்

பணி விவரம் ஒன்றரைப் பக்கம் வந்திருக்கிறது. பட்டங்கள், கட்டுரைகள் நாற்பத்தேழு, காப்புரிமை ஒன்று, நார்வேயில் ஆறு மாத ஆய்வு. வரிசையாகத் தட்டச்சு செய்து படித்தபோது யாரோ ஒரு கெட்டிக்காரியைப் பற்றிப் படிப்பதுபோல் இருந்தது.

தகுதிகளில் முதல் மூன்று எல்லாக் கல்லூரியிலும் கேட்பவைதான். முதுநிலைப் பொறியியலில் ஐம்பத்தைந்து விழுக்காடு, நுழைவுத் தேர்வில் தேர்ச்சி, வேலையில் இருப்பவர் என்றால் நிறுவனத்தின் தடையின்மைச் சான்று. நான்காவதாக என் சொந்தப் பொறுப்பில் ஒன்று சேர்த்தேன்: ‘சம்மதக் கடிதம் கேட்பவர் எங்கள் ஆய்வகத்தில் ஒரு மோட்டாருக்குத் தன் கையால் மின்னிணைப்பு கொடுத்து இயக்கிக் காட்ட வேண்டும்.’

நஞ்சப்பன் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். “ஏம்மா, ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கறீங்களா, ஒயர்மேன் வேலைக்கா?”

கம்ப்யூட்டரில் மோட்டார் ஓட்டுகிறவர்கள் என்னிடம் ஏற்கெனவே ஏழு பேர் இருக்கிறார்கள், நிஜ மோட்டாரைத் தொட்டவர் ஒருவராவது வேண்டும் என்றேன். சம்மதம் கொடுப்பது வழிகாட்டியின் விருப்பம் என்பதால் அவரால் மறுக்க முடியவில்லை. “எல்லாரும் உங்கள மாதிரியாம்மா?” என்று மட்டும் கேட்டார்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. கல்லூரியில் படித்த நாளிலிருந்தே ஆய்வகத்தில் கை வைத்துப் பழகியவள் நான். அதில் எனக்குப் பெருமை உண்டு.

ஜூன் 8, ஞாயிறு

வாஷிங் மெஷின் சுற்றவில்லை. என் கணவர் தனபால் பின்பக்கத்தைக் கழற்றி பெல்ட் மாற்றினார். இவருக்குக் கோவை கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை. கிணற்று மோட்டார், மாவு மில் மோட்டார் எது எரிந்தாலும் அங்கேதான் வரும். ஐ.டி.ஐ. படிப்பு. என் அத்தை மகன். கல்யாணத்தின்போது, டீச்சரம்மாவுக்கு ஒயர் சுத்துறவனா என்று கேட்ட உறவுக்காரர்கள் இப்போது தங்கள் மோட்டாரை இவரிடம்தான் கொண்டுவருகிறார்கள்.

பணி விவரத்தைக் காட்டினேன். நிதானமாகப் படித்தார். “ஒண்ணும் விட்டுப்போகலீல்ல?” என்று கேட்டார். இல்லை என்றேன். சரி என்று கைகழுவப் போனார்.

ஜூன் 13, வெள்ளி

பக்கம் வெளியான ஒரு வாரத்தில் நாற்பத்தொரு மின்னஞ்சல்கள். பாதிப்பேர் ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று ஆரம்பித்திருக்கிறார்கள். நான்காவது தகுதியைச் சுட்டிக்காட்டியதும் பெரும்பாலோர் பதில் போடவில்லை. ஒருவர், வீடியோ எடுத்து அனுப்பலாமா என்று கேட்டார்.

ஒருத்தி மட்டும், எந்தத் தேதியில் வர வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். ஜெசிந்தா, முப்பத்தொன்பது வயது. உடுமலைப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் பதினான்கு வருடமாக விரிவுரையாளர். முதுநிலையில் எண்பத்தொரு விழுக்காடு. நுழைவுத் தேர்வில் இந்த முறை எங்கள் துறைக்கு எழுதியவர்களில் இரண்டாமிடம்.

தொலைபேசியில் பேசினேன். அவளுடைய நிர்வாகம் மாறியிருக்கிறதாம். இந்தப் பருவத்துக்குள் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யாதவர்களுக்கு அடுத்த வருடம் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். தடையின்மைச் சான்றும் இந்த ஒரு முறைக்குத்தான். இதையெல்லாம் நான் கேட்ட பிறகுதான் சொன்னாள். அது எனக்குப் பிடித்தது.

ஜூன் 20, வெள்ளி

ஜெசிந்தா வந்தாள். உடுமலையில் ஐந்தரை மணி பஸ் பிடித்து, உக்கடத்தில் இறங்கி மாறி, ஒன்பதுக்கெல்லாம் ஆய்வகத்து வாசலில் நின்றாள். ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் மயில்சாமி அண்ணன் கதவைத் திறந்ததே அவளுக்குப் பிறகுதான்.

டி.சி. மோட்டார் ஒன்றைக் கொடுத்தேன். சுற்று வரைபடம் போட்டாள். அச்சடித்த மாதிரி இருந்தது. இந்த மோட்டாருக்குள் காந்தப்புலத்தை உண்டாக்கும் சுருள் ஒன்று உண்டு. அதற்குப் போகும் மின்னோட்டம் குறைந்தால் மோட்டார் அடங்காமல் வேகமெடுக்கும். அதனால் அந்தச் சுருளோடு இணைத்திருக்கும் ரியோஸ்டாட் என்ற தடையை, ஓடவைக்கும் முன் மிகக் குறைந்த அளவில் வைக்க வேண்டும். கேள்வி கேட்டேன். காரணம், சூத்திரம், வரைகோடு எல்லாம் தடங்கலில்லாமல் சொன்னாள்.

பிறகு ஒயரை எடுத்தாள். திருகை எந்தப் பக்கம் சுற்றினால் இறுகும் என்று ஒரு கணம் யோசித்தாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

ரியோஸ்டாட் என்பது ஒரு முழ நீளக் கம்பிச் சுருள். அடியில் இரண்டு முனைகள், மேலே நகரும் பிடி. கீழ்முனைகளில் எதில் ஒயர் கொடுக்கிறோமோ அதன் பக்கம் பிடியைத் தள்ளினால் தடை குறையும், எதிர்ப்பக்கம் தள்ளினால் கூடும். இதைப் புத்தகத்தில் பெரும்பாலும் எழுதமாட்டார்கள். ஜெசிந்தா வலதுமுனையில் ஒயரைக் கொடுத்தாள். பிடியை இடது கோடிக்குத் தள்ளினாள். “மினிமம் பொசிஷன், மேடம்” என்றாள்.

மயில்சாமி அண்ணன் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையசைத்தேன். தேர்வு என்றால் தேர்வுதான்.

அவள் சுவிட்சைப் போட்டு ஸ்டார்ட்டரின் கைப்பிடியைப் பாதிதான் நகர்த்தியிருப்பாள். மோட்டாரின் சத்தம் ஏறியது. அந்தச் சத்தம் காதில் கேட்காது, பல்லில் கேட்கும். அண்ணன் மெயினை அணைத்துவிட்டார்.

அவள் இரண்டு கைகளையும் பார்த்தபடி நின்றாள்.

“காலேஜ்ல ஒரு பேட்சுக்கு அஞ்சு பேர் மேடம். பசங்க கனெக்‌ஷன் குடுப்பாங்க. நாங்க ரீடிங் எழுதுவோம். கையெழுத்து நல்லா இருக்கும்னு எப்பவும் நோட்டு எங்கிட்டதான் வரும். பாலிடெக்னிக்லயும் அதேதான். பசங்க செய்வாங்க, நான் டேபிள்ல உக்காந்து ரெக்கார்டு திருத்துவேன். இன்னிக்குத்தான் மொதோ தடவை ஒயரத் தொடறேன்.”

நான்காவது தகுதி நிறைவேறவில்லை, என்னால் கையெழுத்துப் போட முடியாது என்றேன். தலையசைத்தாள். போவதற்கு முன் எல்லா ஒயரையும் நீளவாரியாகப் பிரித்து, ஒழுங்காகச் சுற்றி வைத்துவிட்டுப் போனாள்.

ஜூன் 21, சனி

சரியான முடிவு. விதி என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான்.

இட்லிக்கு மாவு ஆட்டினேன். உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

ஜூன் 23, திங்கள்

மயில்சாமி அண்ணன் கையெழுத்து வாங்க அறைக்கு வந்தார். அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். மேசையில் பதிவேட்டை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

“அந்தப் பொண்ணு ரியோஸ்டாட்ட இடது பக்கம் தள்ளுச்சில்லீங்க? எனக்குப் பழைய நெனப்பு வந்துருச்சுங் மேடம்.”

என்ன நினைப்பு என்று நான் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பேனாவை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஜூன் 24, செவ்வாய்

எழுதிவிடுகிறேன்.

2011. எனக்கு முப்பத்திரண்டு வயது. எட்டு வருடம் விரிவுரையாளராக இருந்துவிட்டு, ஆய்வுக்குப் பதிவு செய்திருந்தேன். முதன்முதலாகத் தனியாக ஒரு சோதனை செய்யப் போனேன். மதிய உணவு நேரம். ஆய்வகத்தில் யாரும் இருக்கக்கூடாது என்றே அந்த நேரத்தில் போனேன். ஏனென்றால் எனக்கும் இணைப்பு கொடுக்கத் தெரியாது. நானும் ரீடிங் எழுதியவள்தான். என் கையெழுத்தும் நன்றாக இருக்கும்.

அதே மோட்டார். அதே இடது பக்கம். மோட்டாரும் அதோடு பூட்டியிருந்த ஜெனரேட்டரும் சேர்ந்து ஆட, இணைப்புப் பூட்டு பிய்ந்து சுவரில் அடித்தது. சாப்பாட்டுப் பாத்திரத்தோடு ஓடி வந்த மயில்சாமி அண்ணன்தான் மெயினை அணைத்தார். யாருக்கும் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். பதிவேட்டில் ‘பேரிங் தேய்மானம்’ என்று எழுதினார். இன்றும் அந்த வரி இருக்கிறது. இன்று போய்ப் பார்த்தேன்.

அன்று வீட்டுக்கு வந்து இவரிடம் மட்டும் சொன்னேன். சிரிக்கவில்லை. “சனிக்கிழமை பட்டறைக்கு வா” என்றார். தன் பழைய நீலச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொள்ளக் கொடுத்தார். நான்கு மாதம் சனிக்கிழமைதோறும் போனேன். வாடிக்கைக்காரர்கள் கேட்டால், புதுசா ஒரு ஆள் சேர்ந்திருக்குதுங்க என்று சொல்வார். என்னைக் கேலி செய்ததும் இல்லை, யாரிடமும் சொன்னதும் இல்லை. நான் கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை.

என் நாற்பத்தேழு கட்டுரைகளில் சோதனை இல்லாத கட்டுரை மூன்றுதான். மீதி நாற்பத்து நான்கும் அந்தச் சனிக்கிழமைகளிலிருந்து வந்தவை. ‘பெற்ற பயிற்சிகள்’ என்ற கட்டத்தில் நார்வே என்று எழுதினேன்.

‘ஒண்ணும் விட்டுப்போகலீல்ல?’ என்று இவர் கேட்டது இப்போதுதான் காதில் விழுகிறது.

ஜூன் 5-ல் எழுதியதை அடிக்கப் போவதில்லை. இருக்கட்டும்.

ஜூன் 25, புதன்

நஞ்சப்பன் சார் அறைக்குப் போனேன். நான்காவது தகுதியோடு ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றேன்: ‘முதல் முறை இயலாதவர்கள் பயிற்சி பெற்று, கடைசி நாளுக்குள் மறுமுறை செய்து காட்டலாம், பயிற்சிக்கு வழி செய்து தரப்படும்.’

ஒரு ஆளுக்காக விதியை வளைக்கிறேனா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். விதி அப்படியே இருக்கிறது, மோட்டார் ஓடினால்தான் கையெழுத்து என்றேன். பிறகு 2011-ஐச் சொன்னேன்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். “அந்த வருசம் புது பேரிங் வாங்கிப்போட்டது நான்தான்மா. கழட்டுன பேரிங் புதுசாட்டம் பளபளன்னு இருந்துச்சு. தேய்மானம்னு எழுதியிருக்குதே, எங்க தேஞ்சுதுன்னு அப்பவே நெனச்சேன். அப்ப அந்த மோட்டார்ல வேலை செஞ்சது நீங்க மட்டுந்தான்.”

பதினான்கு வருடமாகத் தெரிந்திருக்கிறது. என் பதவி உயர்வுக் குழுவில் அவரும் ஒருவர்.

அந்த வரியைச் சேர்க்கச் சம்மதித்தார். முன்பு எழுதிக் கேட்டிருந்த எல்லோருக்கும் அனுப்ப வேண்டும் என்று நிபந்தனை போட்டார். நாற்பத்தொரு பேருக்கும் அனுப்பினேன். ஜெசிந்தாவுக்கு அதோடு தொலைபேசியிலும் பேசினேன். பட்டறையின் முகவரியைச் சொன்னேன்.

ஜூன் 28, சனி

நாற்பத்தொரு பேரில் ஒருத்திதான் வந்தாள்.

பட்டறையைப் பார்த்ததும் தயங்கினாள். எரிந்த வார்னிஷ் வாசனை, தரையெல்லாம் செம்புக் கம்பித் துணுக்கு. ஆணியில் தொங்கிய என் நீலச் சட்டையை எடுத்துக் கொடுத்தேன். யாருடையது என்று கேட்டாள். என்னுடையது என்றேன். சட்டையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு போட்டுக்கொண்டாள்.

இவருக்குத்தான் கூச்சம். அவள் வாய்க்கு வாய் ‘சார்’ என்றாள். “சார்னு கூப்புடாதீங்க, ஈ.பி.க்காரர் வந்த மாதிரி பயமா இருக்குதுங்க” என்றார்.

முதல் ஒரு மணி நேரம் எதையும் இணைக்கவிடவில்லை. எனக்குச் செய்தது போலவேதான். மெயினை அணைத்துவிட்டு, ஏற்கெனவே இணைத்திருந்த ஒரு சுற்றைக் காட்டினார். “கண்ணால பாக்காதீங்க. கண்ணு ஏமாத்தும். வெரல வெச்சு ஒயரு கூடவே நடந்து போங்க. கெளம்புன எடத்துக்கே திரும்பி வரோணும். வழியில எங்கியாவது வெரலு நின்னுச்சுன்னா கரண்டும் அங்க நின்னுரும்.”

அவள் விரலால் நடந்தாள். நான் டீ வாங்கிவர வெளியே போனேன்.

ஜூலை 5, சனி

இன்று அவளே நான்கு மோட்டார்களுக்கு இணைப்பு கொடுத்தாள். ஒன்று எதிர்த்திசையில் சுற்றியது. யாரும் சொல்லாமலே இரண்டு ஒயர்களை மாற்றிப் போட்டாள். ஆனைமலையிலிருந்து மோட்டாரோடு வந்த ஒரு விவசாயி, யாருங்க இந்தம்மா என்று கேட்டார். “புதுசா ஒரு ஆள் சேர்ந்திருக்குதுங்க” என்றார் இவர்.

நான் தகரப் பெட்டியில் திருகுகளை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

ஜூலை 11, வெள்ளி

மறுதேர்வு.

அதே மோட்டார். மயில்சாமி அண்ணனிடம் வேறு ரியோஸ்டாட் வைக்கச் சொல்லியிருந்தேன். அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் துடைத்து வைத்தார். நஞ்சப்பன் சாரும் வந்து ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

இருபது நிமிடத்தில் இணைப்பு முடிந்தது. ஒயர் இடதுமுனையில், பிடியும் இடது கோடியில். சரி. திருகுகளெல்லாம் இறுக்கம். சரி. ஆரம்பிக்கலாம் என்றேன்.

அவள் சுவிட்சைத் தொடவில்லை. விரலை வைத்து ஒயரோடு நடக்க ஆரம்பித்தாள். ஒரு சுற்று முடித்தாள். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். நஞ்சப்பன் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“சுவிட்ச் போடமாட்டேன், மேடம்” என்றாள்.

பயந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். இத்தனை பயிற்சியும் வீண் என்று மனசுக்குள் ஒரு கதவு சாத்திக்கொண்டது. ஏன் என்று கேட்டேன்.

“இந்த எடத்துல வெரல் நிக்குது.”

ரியோஸ்டாட்டைச் சாய்த்துக் காட்டினாள். இடதுமுனையின் திருகுக்கு அடியில், சுருளோடு சேரும் சின்னக் கம்பி அறுந்திருந்தது. மேலே திருகு இறுக்கமாக இருந்ததால் வெளியே தெரியவில்லை. மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்தாள். முள் அசையவில்லை. மோட்டாரின் காந்தப்புலச் சுருளுக்கு மின்னோட்டமே போயிருக்காது. சுவிட்சைப் போட்டிருந்தால் 2011-ஐவிட மோசமாக ஆகியிருக்கும். இந்த முறை பக்கத்தில் நான்கு பேர் இருந்தோம்.

அண்ணன் பார்க்கவில்லை. நான் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருட அனுபவம் கையைக் கட்டிக்கொண்டு ‘ஆரம்பிக்கலாம்’ என்று சொன்னது.

மயில்சாமி அண்ணன் முகம் வாடிப்போய், அலமாரியில் இருந்ததை அப்படியே எடுத்து வைத்துவிட்டேன் என்று மூன்று முறை சொன்னார். ஜெசிந்தா சால்டரிங் அயர்ன் இருக்கிறதா என்று கேட்டாள். கம்பியை அவளே பற்றவைத்தாள். மறுபடி விரலால் நடந்தாள். பிறகு சுவிட்சைப் போட்டு, ஸ்டார்ட்டரின் கைப்பிடியை நிதானமாக நகர்த்தினாள். மோட்டார் ஓடியது. நிமிடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு சுற்று. அதன் சத்தத்தில் ஒரு பிசிறு இல்லை.

ரீடிங் எழுத நோட்டு வேண்டுமே என்று திரும்பிப் பார்த்தாள். நான் எழுதினேன்.

நஞ்சப்பன் சார் எழுந்து போகும்போது, மோட்டார் ஓடியதற்குத்தானே கையெழுத்து என்று கேட்டார். “ஓட்டமாட்டேன்னு சொன்னதுக்கு, சார்” என்றேன்.

சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். கடிதத்தை மடிக்காமல், பைல் உறைக்குள் வைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவதாகச் சொன்னாள்.

ஜூலை 15, செவ்வாய்

ஜெசிந்தாவின் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. பதிவு எண்ணை அனுப்பியிருக்கிறாள். கூடவே, அவளுடைய பாலிடெக்னிக்கில் இந்த வாரத்திலிருந்து மாணவிகள் இணைப்பு கொடுக்கிறார்கள், மாணவர்கள் ரீடிங் எழுதுகிறார்கள், பசங்க கையெழுத்து படிக்கவே முடியவில்லை மேடம் என்று எழுதியிருக்கிறாள்.

என் பணி விவரத்தைத் திருத்தினேன். ஆண்டு வரிசையில் நார்வேக்கு முன்னால் வருகிறது: ‘2011, செயல்முறைப் பயிற்சி, நான்கு மாதம், தனபால் மோட்டார் ரீவைண்டிங், கணபதி, கோவை.’

இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறவர், இது தவறுதலாக வந்துவிட்டதா மேடம் என்று போனில் கேட்டார். இல்லை, முன்பு தவறுதலாக விட்டுப்போயிருந்தது என்றேன்.

ஜூலை 19, சனி

இவர் அந்தப் பக்கத்தைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. நான்கு நாளாக ஒன்றும் சொல்லவில்லை.

இன்று சாப்பாடு கொடுக்கப் பட்டறைக்குப் போனேன். இவர் ஒரு மாவு மில் மோட்டாருக்குள் தலையை விட்டிருந்தார். சுவரில் என் நீலச் சட்டை துவைத்து, இஸ்திரி போட்டுத் தொங்கியது. பக்கத்தில் புதிதாக ஒரு ஆணி. அதில் இன்னொரு நீலச் சட்டை, கடைக்காரர் மடித்த மடிப்புக் கலையாமல்.

இது யாருக்கு என்று கேட்டேன்.

“அடுத்த வருசமும் யாராச்சு வருவாங்கல்ல” என்றார், தலையை வெளியே எடுக்காமல். “என்ன சைஸ்னு தெரியாம குத்துமதிப்பா எடுத்தேன். உன்ற தகுதி லிஸ்ட்டுல அதையும் கேட்டு எழுதிரு.”